முகவரியைத் தொட்டால் எது திறக்கும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில் என் தமக்கையின் பேத்தி தன் மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு என் வீட்டிற்கு வந்தாள். கல்லூரியில் இறுதியாண்டு படிப்பவள். முகம் வாடியிருந்தது. மேற்படிப்பிற்கு உதவித்தொகை வேண்டி அவள் ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதியிருந்தாள். அறிவிப்புப் பக்கத்தின் அடியில் நீல நிறத்தில் காணப்பட்ட மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினாள். உடனே ஒரு சாளரம் திறந்தது. அதில் கடிதத்தை எழுதிச் சான்றிதழ்களையும் இணைத்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். சாளரம் மூடிக்கொண்டது. கடிதம் போய்ச் சேர்ந்தது என்றே எண்ணியிருந்தாள். பதினொரு நாள் சென்றும் மறுமொழி வராமை கண்டு தொலைபேசியில் விசாரித்தபோது, அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கெடு முடிந்து அதற்குள் மூன்று நாள் ஆகியிருந்தது.

"நான் அனுப்பினேன், தாத்தா. அனுப்பியதை என் கண்ணாலேயே பார்த்தேன்" என்றாள்.

அவள் சொன்னது பொய்யன்று. அவள் அழுத்தியது உண்மை. சாளரம் மூடியதும் உண்மை. ஆனால் அந்தச் சாளரம் எதனுடையது என்பதை அவள் பார்க்கவில்லை. அவள் நாள்தோறும் கடிதம் படிப்பது கைப்பேசியிலும் உலாவியிலுமே. அந்த மடிக்கணினியோ பழையதாக ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டது. முன்னைய உரிமையாளர் அதில் ஒரு தபால் மென்பொருளை நிறுவித் தம் கணக்கையும் அதில் பதிந்து வைத்திருந்தார். விற்கும்போது அதை நீக்க மறந்துவிட்டார் போலும். முகவரியைத் தொட்டதும் திறந்தது அந்த மென்பொருளே. அவருடைய கடவுச்சொல் எப்போதோ மாறிவிட்டமையால், கடிதம் வெளியே செல்ல வழியின்றி அவுட்பாக்ஸ் என்னும் பெட்டியில் பதினொரு நாளும் கிடந்தது. மூலையில் மிகச் சிறிய எச்சரிக்கைக் குறி ஒன்று இருந்ததைத் தவிர வேறு அறிகுறி இல்லை. கடவுச்சொல் மட்டும் மாறாதிருந்தால் அவளுடைய விண்ணப்பம் முன்பின் அறியாத ஒருவர் பெயரில் அலுவலகத்திற்குப் போயிருக்கும். அதைவிட இதுவே மேல் என்று நான் ஆறுதல் கூறினேன். அவளுக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

ஒரு முகவரியைத் தொட்டால் எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இந்தச் சிறிய வினாவிற்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பெரிய வழக்கும் இருக்கிறது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வேறொன்றும் தேர்ந்தெடுக்காதபோது கணிப்பொறி தானாக எடுத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் டீஃபால்ட் என்பர். கடனைத் திருப்பிக் கட்டத் தவறுவதற்கும், வழக்கு மன்றத்திற்கு வாராமல் இருந்துவிடுவதற்கும் அதே சொல்லே வழங்குகிறது. வேண்டியவன் வந்து நிற்கத் தவறினால் நேர்வது எதுவோ அதுவே அச்சொல்லின் பொருள். தமிழில் இதனை முன்னிருப்பு என்றும், இயல்பிருப்பு என்றும் கூறுகின்றனர். முன்னிருப்பு என்பது, நாம் வருவதற்கு முன்பே அங்கு இருப்பது. என் பேத்தியின் கணிப்பொறியில் இருந்ததும் சொல்லின் முழுப் பொருளிலும் முன்னிருப்பே. ஆதலின் இப்பேச்சில் அச்சொல்லையே ஆள்கிறேன்.

மின்னஞ்சலின் தொடக்க நாட்களில் இந்தச் சிக்கல் எழவே இடமில்லை. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், போல்ட் பெரானெக் அண்டு நியூமன் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு ஆர்ப்பாநெட் வலையின் வழியே கடிதம் அனுப்பிக் காட்டினார். இரு பொறிகளும் ஒரே அறையில் அருகருகே நின்றன. ஆயினும் அவற்றை இணைத்தது அந்த வலை ஒன்றே. அதற்கு முன்பே, ஒரே பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும்போது ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதி வைக்கும் நிரல் ஒன்று வழக்கில் இருந்தது. வலைவழியே கோப்புகளைக் கொண்டு செல்லும் நிரல் வேறொன்றும் இருந்தது. டாம்லின்சன் இவ்விரண்டையும் இணைத்தார். ஆளின் பெயரையும் பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட, இன்று உலகெங்கும் முகவரிகளின் நடுவே சுருண்டு நிற்கும் அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. தாம் அனுப்பிய முதற் கடிதத்தில் என்ன எழுதினார் என்பது அவருக்கே நினைவில்லை. விசைப்பலகையில் கைக்கு எட்டிய எழுத்துகளாக இருக்கலாம் என்று மட்டும் பிற்காலத்தில் கூறினார்.

அப்போது அஞ்சற்பெட்டி என்பது ஒரு கோப்பே. புதிய கடிதம் அதன் இறுதியில் ஒட்டிக்கொள்ளும். ஐம்பது கடிதம் இருந்தால் முதலிலிருந்து வரிசையாக அச்சிட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். நடுவில் உள்ள ஒன்றை மட்டும் எடுத்துப் படிக்க இயலாது. இந்தத் தொல்லையைப் பொறாத லாரி ராபர்ட்ஸ் என்பவர் 1972இல், கடிதங்களைப் பட்டியலிட்டு வேண்டியதைப் படிக்கவும் நீக்கவும் ஒரு நிரல் எழுதினார். இவர் ஆர்ப்பாநெட் திட்டத்தையே நடத்திய அதிகாரி என்பது குறிப்பிடத்தக்கது. 1975இல் ஜான் விட்டல் என்பவர் எழுதிய நிரலில், வந்த கடிதத்திற்கு அப்படியே மறுமொழி எழுதும் வசதி அமைந்தது. இன்று நாம் எண்ணிப் பாராமலே அழுத்தும் மறுமொழிப் பொத்தானுக்கு மூதாதை அது.

இவை எல்லாம் நிரல்களே. ஆனால் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே தாமே பெயர் சொல்லி அழைத்துத் திறந்தார். கடிதம் எழுத விரும்பினால் கடித நிரலின் பெயரைத் தட்டச்சு செய்வார், அது வரும். வேறொரு நிரல் இடையில் புகுந்து, "உமக்காகக் கடித நிரலை நான் அழைக்கிறேன்" என்று சொல்லும் வழக்கம் இல்லை. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியபோதும், எழுத்துத் திரை இணைப்பு மட்டுமே பெற்றிருந்தவர்கள் பைன் போன்ற ஒரே நிரலில்தான் கடிதம் படித்தனர். எது திறக்கும் என்ற கேள்விக்கே அங்கு இடம் இல்லை.

தனியார் மேசைக் கணிப்பொறிகள் பரவியபோது நிலைமை மாறலாயிற்று. 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் என்பவர் மெக்கின்டாஷ் பொறிக்காக ஒரு கடித மென்பொருளை உருவாக்கினார். எந்நேரமும் கடிதங்களோடு உழன்றுகொண்டிருந்த அவருக்குத் தாம் அஞ்சலகத்திலேயே குடியிருப்பது போல் தோன்றியதாம். வீட்டாரோடு பிணங்கி அஞ்சலகத்திற்கே குடிபோய்விட்ட ஒரு பெண்ணைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்ட்டி எழுதிய சிறுகதை அவர் நினைவிற்கு வந்தது. அந்த அம்மையாரின் பெயரையே தம் மென்பொருளுக்குச் சூட்டினார். யூடோரா பல ஆண்டுகள் பெரும்புகழோடு விளங்கியது. 1990இல் நியூசிலாந்தின் டனீடின் நகரிலிருந்து டேவிட் ஹாரிஸ் என்பவர் பெகாசஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டு இலவசமாகவே வழங்கினார். இவ்வாறு ஒரே வேலைக்குப் பல கைகள் தோன்றின. பல கைகள் இருக்குமிடத்தில், அழைத்தால் எந்தக் கை நீள வேண்டும் என்னும் வழக்கும் தோன்றுவது இயல்பே அன்றோ?

அந்த வழக்கைத் தூண்டிவிட்டவை இரண்டு. ஒன்று, உலகளாவிய வலை. ஜெனீவாவிற்கு அருகே ஸெர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தோற்றுவித்த அவ்வலையில், ஒவ்வொரு இணைப்பின் முகவரியும் ஒரு முன்சொல்லுடன் தொடங்கும். அம்முன்சொல்லுக்குப் பின் முக்காற்புள்ளி வரும். இது எவ்வகை இணைப்பு என்பதை அம்முன்சொல் உலாவிக்கு அறிவிக்கும். 1994 டிசம்பரில் வெளியான இணைய ஆவணம் ஒன்று இவ்வகை முன்சொற்களைத் தொகுத்து வரையறுத்தது. அவற்றுள் ஒன்று மெயில்டு என்பது. அதன் பின்னால் மின்னஞ்சல் முகவரி வரும். பக்கங்களைக் கொண்டுவரும் முன்சொற்களை உலாவி தானே கவனித்துக்கொள்ளும். மெயில்டு என்பதோ அப்படியன்று. அது எந்தப் பக்கத்தையும் கொண்டுவருவதில்லை. எதையும் அனுப்புவதும் இல்லை. "கடிதம் எழுதுவோர் யாரேனும் இருந்தால் அவரை அழைத்து இந்த முகவரியைக் கொடு" என்பதே அது இடும் கட்டளை. 1998 ஜூலையில் வந்த மற்றோர் ஆவணம், முகவரியோடு கடிதத்தின் தலைப்பையும் வாசகத்தையும்கூடச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று விரிவுபடுத்தியது. 2010இல் அது மேலும் திருத்தம் பெற்றது. ஆயினும் அழைக்கப்படுபவர் யார் என்பதை இந்த ஆவணங்கள் சொல்லவில்லை. அதை அந்தந்தக் கணிப்பொறிக்கே விட்டுவிட்டன.

மற்றொன்று, ஆவணம் எழுதும் மென்பொருள்கள். எழுதி முடித்த ஆவணத்தை அங்கிருந்தபடியே ஒருவருக்கு அனுப்ப வேண்டும் என்னும் ஆசை அலுவலகங்களில் எழுந்தது. இதற்காக மைக்ரோசாப்ட் நிறுவனம் மேப்பி என்று வழங்கும் ஒரு பொதுவழியை வகுத்தது. எந்த மென்பொருளும் அவ்வழியே சென்று, "இந்தக் கோப்பை இணைத்து ஒரு கடிதம் திற" என்று கேட்கலாம்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். வலைப்பக்கத்தில் முகவரியைத் தொடுவது ஒரு வாயில். ஆவணத்திலிருந்து அனுப்புவது மற்றொரு வாயில். விண்டோஸ் அமைப்பில் இவை இரண்டுக்கும் பெயர்ப் பதிவு தனித்தனியே உண்டு. ரிஜிஸ்ட்ரி என்று சொல்லப்படும் உட்பதிவேட்டில், மெயில்டு என்னும் சொல்லுக்கு எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கும். மேப்பி வழியாக வரும் வேண்டுகோளை எந்த மென்பொருளிடம் கொடுக்க வேண்டும் என்று வேறோரிடத்தில் எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றையே குறித்தால் தொல்லை இல்லை. ஒன்று மாறி மற்றொன்று மாறாதிருந்தால், முகவரியைத் தொட்டால் ஒரு சாளரமும், ஆவணத்தை அனுப்பினால் இன்னொரு சாளரமும் திறக்கும். "கணிப்பொறிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்று அலுவலகங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பதிவேட்டில் இரண்டு வரிகள் ஒத்துப்போகவில்லை, நடந்தது அவ்வளவே.

1990களின் நடுப்பகுதியில் இந்த வரிகளைக் கைப்பற்றப் பெரும் போட்டி நிகழ்ந்தது. 1996இல் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு, தனக்குள்ளேயே கடிதம் எழுதும் பகுதியையும் கொண்டிருந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் தன் உலாவியோடு கடித மென்பொருள் ஒன்றையும் இலவசமாக வழங்கியது. 1997இல் அதற்கு அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாறியது. 1998 ஜூனில் வந்த விண்டோஸ் 98 அதை உள்ளடக்கியே விற்பனைக்கு வந்தது. அந்நாளில் புதிதாக நிறுவப்பட்ட மென்பொருள் எதுவும் யாரையும் கேளாமல் பதிவேட்டில் தன் பெயரை எழுதிக்கொள்ள முடிந்தது. சில மென்பொருள்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, மேப்பி வேண்டுகோள்களை ஏற்கும் கணினிக் கோப்பையே எடுத்துவிட்டுத் தம்முடைய கோப்பை அவ்விடத்தில் வைத்துவிட்டன. பின்னர் அம்மென்பொருளை நீக்கினால் பழைய கோப்பு திரும்பி வராது. கடிதம் அனுப்பும் வழியே அடைபட்டுவிடும். இந்தக் கேட்டைச் சரிசெய்வதற்கென்றே விண்டோஸில் தனியாக ஒரு சிறு நிரல் வைக்கப்பட்டது என்றால் தொல்லையின் அளவை நீங்களே ஊகிக்கலாம். அதன் பின்னர் அவ்விடத்தில் இருப்பது வெறும் இடையாள் கோப்பு என்றும், அது பதிவேட்டைப் பார்த்து உரிய மென்பொருளிடம் வேண்டுகோளை ஒப்படைக்கும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். முதலிலேயே செய்திருக்கலாம்.

அக்காலத்துக் கணிப்பொறியைத் திறந்தவர்களுக்கு ஒரு கேள்வி நன்றாக நினைவிருக்கும். "நான் உங்கள் முன்னிருப்புக் கடித மென்பொருளாக இல்லை, ஆக்கிக்கொள்ளட்டுமா?" என்று திரை கேட்கும். ஆம் என்றால் ஒன்று அமரும். மறுநாள் மற்றொன்றைத் திறந்தால் அதுவும் அதே கேள்வியைக் கேட்கும். பலர் கேள்வியைப் படியாமலே ஆம் என்றனர். கேள்வி எழுந்தமைக்காக மகிழ்வதா, அதற்குக் கிடைத்த விடைக்காக வருந்துவதா என்பது எனக்கு இன்றும் தெளிவில்லை.

மெக்கின்டாஷ் உலகில் இதே சிக்கலை அமைதியான வழியில் தீர்த்தனர். பீட்டர் லூயிஸ், குவின் என்னும் இருவர், இன்டர்நெட் கான்ஃபிக் என்னும் சிறிய நிரலை எழுதி, எவரும் எடுத்தாளலாம் என்று பொதுவுடைமையாக்கினர். மின்னஞ்சல் முகவரி, கடிதம் எழுத விரும்பும் மென்பொருள் ஆகியவற்றைப் பயனர் அதில் ஒரே முறை எழுதி வைத்தால் போதும். மற்ற மென்பொருள்கள் யாவும் அதைக் கேட்டு நடந்துகொள்ளும். பிற்பாடு ஆப்பிள் நிறுவனமே அதைத் தன் இயக்க அமைப்பில் சேர்த்துக்கொண்டது. விருப்பத்தைச் சொல்ல வேண்டியவர் பயனர், அதைக் கேட்டறிய வேண்டியவை மென்பொருள்கள் என்ற ஒழுங்கு அங்கு இருந்தது. விண்டோஸில் அந்த ஒழுங்கு நிலைபெற, வழக்கு மன்றம் வரை செல்ல வேண்டியதாயிற்று.

1998 மே 18 அன்று அமெரிக்க அரசின் நீதித்துறையும் பல மாநிலங்களும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. தன் ஏகபோக வலிமையைக் கொண்டு போட்டியாளர்களின் உலாவியை ஒடுக்கியது என்பதே முதன்மையான குற்றச்சாட்டு. நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 2000 ஜூனில் அந்நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு ஆணையிட்டார். 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு மன்றம், நிறுவனம் தன் ஏகபோகத்தைச் சட்டத்திற்கு மாறாகக் காத்துக்கொண்டது என்பதை ஏற்றுக்கொண்டபோதிலும், பிரிக்கும் ஆணையை நீக்கிவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் அரசும் நிறுவனமும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. சில மாநிலங்கள் அதனை ஏற்க மறுத்துத் தொடர்ந்து வாதிட்டன. 2002 நவம்பர் 1 அன்று நீதிபதி கொலீன் கொல்லார்-கோட்டெல்லி அவ்வுடன்பாட்டிற்குப் பெரும்பாலும் இசைவு தந்தார்.

வழக்கின் நடுவே நின்றது உலாவியே. ஆயினும் உடன்பாட்டின் வாசகத்தைப் படித்தால், உலாவியோடு ஜாவா இயந்திரம், ஒலி-ஒளி இயக்கி, உடனடிச் செய்தி மென்பொருள் ஆகியவற்றையும், ஐந்தாவதாக அவுட்லுக் எக்ஸ்பிரஸையும் பெயர் சொல்லிக் குறித்திருப்பதைக் காணலாம். பயனரும் கணிப்பொறி செய்து விற்போரும் இவற்றின் வாயில்களை மறைக்கவும், இவற்றிற்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் மென்பொருளை முன்னிருப்பாக்கவும் வழி செய்ய வேண்டும் என்று அது கட்டளையிட்டது. இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. கணிப்பொறி செய்தவர் அமைத்துக் கொடுத்த ஏற்பாட்டை விண்டோஸ் தானாக மாற்றுவதாயின், பயனரின் சம்மதத்தைக் கேட்ட பின்னரே மாற்றலாம். அப்படிக் கேட்பதும் புதிய பொறியை முதன்முதலாக இயக்கிய பதினான்கு நாள் கழிந்த பின்னரே இருக்க வேண்டும். புது வீட்டிற்குக் குடிவந்தவன் சற்று மூச்சுவிட்ட பிறகு போய்க் கேளுங்கள் என்று நீதிமன்றமே சொன்னது போல இருக்கிறது அது.

இந்த உடன்பாட்டின் விளைவாக 2002இல் விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் திருத்தத் தொகுப்பில் புதிய பலகணி ஒன்று வந்தது. உலாவி, மின்னஞ்சல் முதலிய ஐந்து பணிகளுக்கும் உரிய மென்பொருள்களைப் பயனர் அங்கே தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலோர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை என்று கருதுகிறேன். ஆனால் நாம் இன்று முன்னிருப்புச் செயலிகள் என்று திறக்கும் பக்கம் அதன் வழித்தோன்றலே. 2007 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் அது மேலும் விரிந்தது. நீதிமன்றத் தீர்ப்பின் காலம் 2011 மே மாதத்தில் முடிவுற்றது.

இதற்கிடையே வேறொரு திசையிலிருந்து குழப்பம் வந்து சேர்ந்தது. இந்தியாவில் பிறந்த சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயிலைத் தொடங்கினர். 2004 ஏப்ரல் முதல் நாளன்று ஜிமெயில் வந்தது. கடிதம் எழுத மென்பொருளே தேவையில்லை, உலாவியே போதும் என்ற காலம் பிறந்தது. ஆனால் கணிப்பொறியின் பதிவேட்டிற்குத் தெரிந்தவை நிறுவப்பட்ட மென்பொருள்கள் மட்டுமே. உலாவியில் தோன்றும் ஒரு பக்கத்தைக் கடிதம் எழுதும் கருவியாக அது அறியாது. எனவே ஜிமெயில் ஒன்றையே பயன்படுத்தும் ஒருவர் முகவரியைத் தொட்டால், அவர் வாழ்நாளில் திறந்திராத கடித மென்பொருள் ஒன்று எழுந்து வந்து, "உங்கள் கணக்கை அமைக்கத் தொடங்கலாமா?" என்று கேட்டது. நம்மில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. 2008 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் மூன்றாம் பதிப்பு, வலைத்தளம் ஒன்றையே மெயில்டு இணைப்பிற்கு உரியதாக்கும் வழியைத் திறந்தது. பின்னர் மற்ற உலாவிகளும் அவ்வழியைப் பின்பற்றின. இதனால் நன்மை விளைந்தது. கூடவே மூன்றாவது பதிவேடு ஒன்றும் விளைந்தது. கணிப்பொறியின் அமைப்பில் உலாவியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அதன் பிறகு உலாவியின் அமைப்பிற்குள் தளத்தையும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் காரியம் கெடும்.

2010இல் மைக்ரோசாப்ட் தன் அலுவலகத் தொகுப்பை 64 பிட் வடிவிலும் வெளியிட்டபோது புதிய நோய் ஒன்று தலைகாட்டியது. 32 பிட் மென்பொருள் மேப்பி வழியே 64 பிட் அவுட்லுக்கை அழைத்தால், கடிதம் அனுப்பும் வேண்டுகோள் ஒன்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் நிறைவேறா. அப்போது திரையில் வரும் செய்தி, முன்னிருப்புக் கடித மென்பொருள் இல்லை அல்லது இருப்பது இவ்வேண்டுகோளை நிறைவேற்ற இயலாதது என்று கூறி, அவுட்லுக்கை முன்னிருப்பாக்குமாறு அறிவுரை சொல்லும். அது ஏற்கெனவே முன்னிருப்பாகத்தான் இருக்கும்! இந்தச் செய்தியை நம்பி எத்தனை பேர் எத்தனை முறை அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தார்களோ! பிழை ஓரிடத்தில் இருக்க, விளக்கம் வேறோரிடத்தைச் சுட்டிக்காட்டிய நிகழ்ச்சிக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நான் அறியேன்.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், மென்பொருள்கள் பதிவேட்டில் தாமே பெயர் எழுதிக்கொள்ளும் பழைய வழக்கத்திற்குத் தடை வந்தது. பயனர் தேர்ந்தெடுத்த பெயரோடு முத்திரை போன்ற ஒரு கணக்கீட்டு எண்ணும் சேர்த்து எழுதப்படுகிறது. முத்திரை பொருந்தாவிட்டால் அப்பதிவு செல்லாது. திருட்டுத்தனமாகப் புகும் நிரல்களைத் தடுப்பதற்கு இது உதவும் என்பது மெய். ஆனால் நேர்மையான போட்டியாளரும் இதனால் பயனரை அமைப்புப் பக்கம் வரை கைபிடித்து அழைத்துச் செல்வதோடு நின்றுவிட வேண்டியதாயிற்று. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளியானபோது, பழைய அமைப்பிலிருந்து மாறியவர்களின் உலாவித் தேர்வு நிலைபெறாமல் போயிற்று என்று மோசில்லா அமைப்பின் தலைவர் கிறிஸ் பியர்ட், மைக்ரோசாப்டின் தலைவர் சத்யா நாதெள்ளாவிற்கு வெளிப்படையான கடிதம் ஒன்று எழுதினார். பூட்டு நல்லது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும் என்னும் அவர் தரப்பில் எனக்கு நியாயம் தென்படுகிறது.

கைப்பேசிகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2007இல் வெளிவந்த ஐபோனில், ஆப்பிளின் கடிதச் செயலியைத் தவிர வேறொன்றை முன்னிருப்பாக்கும் உரிமை பதின்மூன்று ஆண்டுகள் இல்லை. 2020 செப்டம்பரில் அந்த உரிமை கிடைத்தது. கிடைத்த முதற் பதிப்பிலேயே ஒரு பிழையும் இருந்தது: பேசியை அணைத்துத் திரும்ப இயக்கினால் பயனரின் தேர்வு மறைந்து ஆப்பிளின் செயலியே மீண்டும் அமர்ந்துகொள்ளும். சில நாட்களில் திருத்தம் வந்தது.

இனி என் பேத்தியின் மடிக்கணினிக்கு வருவோம். வரலாறு தெரிந்தால் பழுது பார்ப்பது எளிதாகிறது. முதலில் நான் அவளைக் கடிதம் எழுதச் சொல்லவில்லை. ஒரு முகவரியை வெறுமனே தொடச் சொன்னேன். சாளரம் திறந்ததும் அதன் பெயரையும், அனுப்புநர் என்னும் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் படிக்கச் சொன்னேன். அங்கே இருந்த அயலார் பெயரைக் கண்டதும் அவள் திடுக்கிட்டாள். பிறகு அனுப்பியவை என்னும் பெட்டியையும் அவுட்பாக்ஸையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கடிதம் போயிற்றா என்பதற்கு இந்த ஒப்பீடே சான்று. சாளரம் மூடியதைச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. அதன்பின் அமைப்புகளில் செயலிகள் என்னும் பகுதிக்குள் சென்று, முன்னிருப்புச் செயலிகளைத் திறந்து, மெயில்டு என்று தேடினோம். அங்கே பழைய மென்பொருளின் பெயர் இருந்தது. அதை மாற்றி, அவள் பயன்படுத்தும் உலாவியை அமர்த்தினோம். பிறகு உலாவியின் அமைப்பிற்குள் சென்று, அவளுடைய அஞ்சல் தளத்திற்கு அந்த இணைப்பைத் திறக்கும் உரிமையையும் அளித்தோம். முன்னைய உரிமையாளரின் கணக்கை முற்றிலும் நீக்கினோம். அவருடைய பழைய கடிதங்கள் சில அதில் இருந்தன. அவற்றை நாங்கள் திறக்கவில்லை. ஆவணத்திலிருந்து அனுப்பும் இரண்டாவது வாயில் மட்டும் சரியாகவில்லை. உலாவியில் இயங்கும் அஞ்சல் தளம் மேப்பி வேண்டுகோளை ஏற்காது. ஆவணத்தைச் சேமித்துவிட்டுக் கையால் இணைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

உதவித்தொகை அலுவலகத்திற்கு நடந்ததை விளக்கி அவள் மறுபடியும் ஒரு கடிதம் எழுதினாள். அவுட்பாக்ஸில் கிடந்த கடிதத்தின் நாளும் நேரமும் தெரியும்படி திரையைப் படமெடுத்து அதனோடு இணைத்தாள். அந்த ஆண்டிற்கு இடமில்லை என்றும், அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம் என்றும் மறுமொழி வந்தது. விதி அது, அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அன்று மாலை வீடு திரும்பும் முன் அவள் என் முகவரியைத் தொட்டு எனக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். இருவரும் என் கைப்பேசியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தோம். ஏறத்தாழ அரை நிமிடத்தில் அது வந்தது. அனுப்புநர் என்னுமிடத்தில் அவள் பெயர் இருந்தது.